கெய்ன்ஸ் முதல் கேப் டிரிபுலேஷன் வரை: முதல் தடவை மோட்டார்ஹோம் எடுப்பவர்களுக்கு

2024 ஜூலையில் பள்ளி விடுமுறைக்கு சிட்னியிலிருந்து குயின்ஸ்லாந்து மாநிலத்தின் கெய்ன்ஸுக்குப் பறந்து, அங்கே படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள ஒரு மோட்டார்ஹோமை வாடகைக்கு எடுத்து, டெய்ன்ட்ரீ மழைக்காட்டில் இருக்கும் கேப் டிரிபுலேஷன் வரை ஆறு ராத்திரி சுற்றிவிட்டு வந்தோம். நான், வீட்டுக்காரர், 6 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகள், அப்புறம் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த என் அம்மா. ஏழு மீட்டர் நீள வண்டியை எப்படி ஓட்டப் போகிறோம் என்றுதான் ஒரு மாதமாகக் கவலைப்பட்டேன். ஓட்டுவதில் ஒன்றுமே இல்லை. பாடு எல்லாம் வண்டியை நிறுத்தின பிறகுதான். இந்தப் பதிவிலும் அதைப் பற்றித்தான் அதிகம் இருக்கும்.

விமான டிக்கெட், ஹைவே, கூகுள் மேப் எல்லாம் உங்களுக்கே தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: மாதம்

ஜூன் முதல் அக்டோபருக்குள் போங்கள். மழை குறைவு, ராத்திரியில் புழுக்கமும் இருக்காது. நவம்பர் முதல் மே வரை கடலில் பெட்டி ஜெல்லிமீன் சீசன். கொட்டினால் உயிருக்கே ஆபத்து என்பதால் அப்போது வலை கட்டின இடத்தைத் தவிர வேறெங்கும் இறங்கக்கூடாது. கடற்கரைகளில் வினிகர் பாட்டில் ஒரு கம்பத்தில் வைத்திருப்பார்கள். பார்த்ததும் அம்மா, "இங்கே யாருட்டி ஊறுகாய் போடறா?" என்றாள். கொட்டின இடத்தில் ஊற்றத்தான் அது.

படி 2: வண்டி

சாதாரண கார் லைசென்ஸ் இருந்தால் 4.5 டன் வரை ஓட்டலாம். வாடகை மோட்டார்ஹோம்கள் பொதுவாக அதற்குள் அடங்கிவிடும். பதிவு செய்யும் முன் ஒன்று மட்டும் கேளுங்கள்: குழந்தை இருக்கை மாட்டும் கொக்கி எத்தனை, எந்த இருக்கைகளில்? குயின்ஸ்லாந்தில் 7 வயது ஆகாத பிள்ளைகளுக்கு அங்கீகரிக்கப்பட்ட இருக்கையோ பூஸ்டரோ கட்டாயம். "ஆறு பேர் படுக்கலாம்" என்று எழுதியிருந்தால் ஆறு குழந்தை இருக்கை மாட்டலாம் என்று அர்த்தமில்லை. பல வண்டிகளில் இரண்டு இடம்தான் இருக்கும்.

ஒப்பந்தத்தில் மண் சாலை பற்றிய வரியையும் படித்துவிடுங்கள். கேப் டிரிபுலேஷன் வரை தார் சாலை. அதைத் தாண்டினால் புளூம்ஃபீல்டு தடம். அது நான்கு சக்கர இயக்கமுள்ள ஜீப்களுக்கு மட்டும். மோட்டார்ஹோமோடு அந்தப் பக்கம் திரும்பவே வேண்டாம்.

படி 3: சாமான்

முதல் நாளே கெய்ன்ஸில் எல்லாவற்றையும் வாங்கிவிடுங்கள். 10 லிட்டர் குடிதண்ணீர்ப் பெட்டி இரண்டு, கையுறை ஒரு பெட்டி, நீளமான லைட்டர், ஒரு டார்ச். நான் மாவு அரைத்துக் கொண்டுபோனேன். கெய்ன்ஸ் வெயிலில் மூன்று மணி நேரத்தில் அது டப்பாவை விட்டு வெளியே நடக்க ஆரம்பித்துவிட்டது. ரவையும் இட்லிப்பொடியும் போதும். உப்புமா என்று முகம் சுளிக்கிற பிள்ளைகள்கூடக் காட்டுக்குள் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள்.

படி 4: கரண்ட்

கேரவன் பார்க்கில் (இந்த மாதிரி வண்டிகளை நிறுத்தித் தங்கும் இடம்) கரண்ட் வசதியுள்ள 'பவர் சைட்' எடுத்தால் பக்கத்திலேயே ஒரு கம்பமும் சாக்கெட்டும் இருக்கும். மோட்டார்ஹோம் ஒயர் 15 ஆம்ப். நம் ஊரில் கீசருக்குப் பெரிய பிளக் இருக்குமே, அதே கதைதான். இங்கே எர்த் பின் மட்டும் அகலமாக இருக்கும், சாதாரண வீட்டு சாக்கெட்டில் நுழையாது. முதலில் வண்டிப் பக்கம், அப்புறம் கம்பத்தில் மாட்டி, கடைசியில் சுவிட்சைப் போடுங்கள்.

15 ஆம்ப் என்றால் 3,600 வாட். ஏசி ஓடும்போது கெட்டிலும் மைக்ரோவேவும் சேர்ந்தால் கதை முடிந்தது. முதல் ராத்திரி மொத்த வண்டியும் இருண்டுவிட்டது. உள்ளே இருந்த ஃபியூஸ் பெட்டியை அரை மணி நேரம் துழாவினோம். விழுந்திருந்த சுவிட்ச் வெளியே கம்பத்தில் இருந்தது! பக்கத்து வண்டித் தாத்தா செருப்போடு வந்து ஒரே தட்டில் சரிசெய்துவிட்டுப் போனார்.

படி 5: கேசட் (இதை இரண்டு தடவை படியுங்கள்)

வண்டிக்குள் இருக்கும் கழிப்பறைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கும். அதற்குத்தான் கேசட் என்று பெயர். பாட்டுக் கேசட் இல்லை. அதைக் கழற்றி 'டம்ப் பாயின்ட்' என்ற இடத்தில் நாமே கொட்டவேண்டும். வாடகைக்குக் கொடுத்த இடத்தில் காட்டின வீடியோவில் இந்தப் பகுதி இருபது விநாடி வந்தது. அதில் ஒரு சிரித்த முகப் பெண் கொட்டிவிட்டுப் போனாள். நான் சிரிக்கவில்லை.

வெளியே போகும் முன் கழிப்பறைக்குள்ளேயே இருக்கும் கைப்பிடியைத் திருப்பி மூடியை அடைக்கவேண்டும். அடைக்காமல் வெளியிலிருந்து இழுத்தால் வராது. நாங்கள் ஐந்து நிமிடம் இழுத்தோம். அப்புறம் வெளிக்கதவைத் திறந்து, தாழ்ப்பாளைத் தூக்கி, பெட்டியை நிதானமாக உருவுங்கள். நிறைந்தால் 20 கிலோ பக்கம் இருக்கும். சக்கரம் இருந்தால் உருட்டிக்கொண்டு போகலாம்.

இனிதான் நான் மாட்டிக்கொண்ட இடம். கேசட்டில் ஊற்றுவதற்கென்று இருக்கும் மூக்கைத் திருப்பி, அதன் மூடியைக் கழற்றி, அப்படியே கவிழ்த்தேன். குளுக், குளுக் என்று இரண்டு தடவை இழுத்துவிட்டு மூன்றாவது தடவை மொத்தமாக வெடித்துத் தெறித்தது. கால், செருப்பு, புடவைக் கரை... அம்மாவுடைய புடவைக் கரை. உதவிக்கு வந்து பக்கத்தில் நின்றிருந்தாள். "கொண்டாட்டத்துக்கு வந்தோமா, கக்கூஸ் கழுவ வந்தோமாட்டி?" என்று அன்றைக்குக் கேட்டதை இன்றைக்கும் போனில் கேட்கிறாள்.

எண்ணெய் டின்னில் ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் விட்டுவிட்டு ஊற்றும், எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால் நூல் பிடித்த மாதிரி இறங்கும் இல்லையா? கேசட்டிலும் அந்த இரண்டாவது ஓட்டை இருக்கிறது. கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான். மூக்கைக் கீழே சாய்த்த பிறகு கட்டைவிரலால் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டே ஊற்றவேண்டும். காற்று உள்ளே போகும், சத்தமில்லாமல் கொட்டும். சாய்க்கும் முன்பே அமுக்கினால் அந்த ஓட்டை வழியே வெளியே வரும். இந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிவையே எழுத உட்கார்ந்தேன்.

அங்கேயே இருக்கும் குழாயில் கொஞ்சம் தண்ணீர் பிடித்துக் குலுக்கி இரண்டு மூன்று தடவை கொட்டுங்கள். அந்தக் குழாயில் குடிதண்ணீர் பிடிக்காதீர்கள், வண்டியின் குடிதண்ணீர் ஹோஸை அதில் மாட்டவும் மாட்டாதீர்கள். கடைசியில் நாற்றத்தை அடக்கும் கழிப்பறை மருந்தை அளந்து ஊற்றி, இரண்டு லிட்டர் தண்ணீர் சேர்த்துத் திரும்பத் தள்ளினால் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். கேட்கவில்லையென்றால் சரியாக உட்காரவில்லை.

நீல மருந்தைவிட, செப்டிக் தொட்டிக்கு ஒத்துவரும் பச்சை மருந்துதான் என் கட்சி. செப்டிக் தொட்டி உள்ள பார்க்குகளில் கடுமையான ரசாயனம் கூடாது என்று எழுதியே வைத்திருப்பார்கள். இன்னொன்று, பகலில் எல்லோரும் பார்க்கின் கழிப்பறைக்கே போகட்டும். வண்டியில் இருப்பது ராத்திரிக்கு மட்டும். இந்தச் சட்டம் வந்த பிறகு எங்கள் வீட்டில் அமைதி திரும்பியது.

படி 6: சாலை

கெய்ன்ஸிலிருந்து போர்ட் டக்ளஸ் 65 கிலோமீட்டர் சொச்சம். கேப்டன் குக் ஹைவே பாதி தூரம் கடலை ஒட்டியே வளையும். 2023 டிசம்பரில் ஜாஸ்பர் புயல் மழையில் மலைச்சரிவு விழுந்து பலமாகச் சேதமான சாலை அது. நாங்கள் போனபோதும் சில இடங்களில் ஒற்றை வழி, சிக்னல் போட்டு மாற்றி மாற்றி விட்டார்கள். பின்னால் வரிசை சேர்ந்துவிட்டால் ஓரம் கட்டி வழிவிடுங்கள், யாரும் கோபப்பட மாட்டார்கள்.

மாஸ்மனில் டீசலை நிரப்பிவிடுங்கள். மாஸ்மன் கார்ஜ் என்ற ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பார்க்கவேண்டுமென்றால் வண்டியைப் பார்வையாளர் மையத்திலேயே நிறுத்திவிட வேண்டும், அங்கிருந்து ஷட்டில் பஸ். சாலையின் இரண்டு பக்கமும் கரும்புக்காடு, பின்னால் பச்சை மலை. "குற்றாலம் போற வழி மாதிரியே இருக்கு" என்று அம்மா வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே வந்தாள்.

படி 7: ஆறு

டெய்ன்ட்ரீ ஆற்றுக்குப் பாலம் கிடையாது. கம்பிவடத்தில் ஓடும் ஒரு ஃபெர்ரிதான். முன்பதிவு தேவையில்லை, வரிசையில் நின்றால் போதும். விடுமுறையில் வரிசை நீளும் என்பதால் காலையில் சீக்கிரம் போங்கள். சரிவில் ஏறும்போது ஊர்ந்து போங்கள். மோட்டார்ஹோமின் பின்பக்கம் சக்கரத்துக்கு அப்பால் நீண்டிருக்கும், வேகமாக ஏறினால் தரையில் உரசும். ஓட்டும்போது எப்படியும் கேஸ் சிலிண்டர் மூடித்தான் இருக்கவேண்டும். ஃபெர்ரிக்கு முன் இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கரையில் மின்வாரியக் கம்பியே கிடையாது. சோலாரும் ஜெனரேட்டரும்தான். பவர் சைட் சில இடங்களில்தான் இருக்கும், போனில் சிக்னலும் பெரும்பாலும் இருக்காது. பார்க் முகவரி, மேப் எல்லாவற்றையும் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏசி பாட்டரியில் ஓடாது. ஜூலையில் ஜன்னலைத் திறந்து வலையை இழுத்துவிட்டாலே குளிர்ந்தது. டிசம்பரில் போகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆறு, ஓடை, கடற்கரை எதுவானாலும் தண்ணீர் ஓரத்திலிருந்து குறைந்தது 5 மீட்டர் தள்ளி நில்லுங்கள். முதலைப் பலகை இல்லாத இடத்திலும்தான். பாத்திரம் கழுவ ஓடைக்குப் போவது, மீன் கழிவை அங்கே போடுவது எல்லாம் கூடவே கூடாது. சாலையில் கேசோவரி வரலாம். ஆள் உயரத்துக்கு நிற்கும் பறவை அது. நிறுத்தி, வண்டிக்குள்ளிருந்தே பாருங்கள், தீனி போடாதீர்கள். ஜிம்பி-ஜிம்பி என்று இதய வடிவ இலையோடு ஒரு செடி உண்டு. தொட்டால் மாதக்கணக்கில் வலிக்கும். பலகைப் பாதையை விட்டுப் பிள்ளைகளை இறங்கவிடாதீர்கள்.

அந்தப் பலகைப் பாதைகளில் என் ஓட்டு டுபுஜிக்கு. சுமார் 1.2 கிலோமீட்டர், படியே கிடையாது. முழங்கால் வலியுள்ள அம்மா முழுக்க நடந்தாள். தலைக்கு மேல் குடை விரித்த மாதிரி விசிறிப் பனைகள். நாம் நடக்கிற இந்த இடம் பூர்வகுடிகளான கிழக்கு குக்கு யலாஞ்சி மக்களின் மண். டெய்ன்ட்ரீ தேசியப் பூங்கா 2021-ல் முறைப்படி அவர்களிடமே திரும்ப ஒப்படைக்கப்பட்டது. 'டிரிபுலேஷன்' என்ற பெயர் 1770-ல் ஜேம்ஸ் குக் வைத்தது. அவருடைய கப்பல் பக்கத்துப் பவளத்திட்டில் மோதியதால், தன் துன்பமெல்லாம் இங்கே தொடங்கியது என்று எழுதி வைத்திருக்கிறார். கேசட் நாளில் எனக்கு அந்த மனிதர் மேல் தனிப் பாசம் வந்துவிட்டது.

பிற்சேர்க்கை 1: இந்தப் பதிவைப் படித்த இரண்டு பேர் ஒரே சிக்கலை எழுதியிருந்தார்கள்: கேஸில் போட்டும் ஃபிரிட்ஜ் குளிரவில்லை. வண்டி சாய்ந்து நின்றிருக்கும். கேஸில் ஓடும் வகை ஃபிரிட்ஜ் மட்டமாக நின்றால்தான் வேலை செய்யும். ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்துப் பாருங்கள், சாய்ந்த பக்கத்துச் சக்கரத்துக்கு அடியில் மஞ்சள் நிற ஆப்பை வைத்து ஏற்றுங்கள்.

பிற்சேர்க்கை 2: சொந்தக்காரர் வீட்டு வாசலில் நிறுத்தி, 15 ஆம்ப் எர்த் பின்னை அரத்தால் ராவி வீட்டு சாக்கெட்டில் சொருகலாமா என்று ஒருவர் கேட்டார். கூடாது. வீட்டு ஒயர் 10 ஆம்புக்குத்தான், சூடாகித் தீப்பிடிக்கும். பிரேக்கர் உள்ள 15-க்கு 10 அடாப்டர் பெட்டி கேரவன் கடைகளில் கிடைக்கிறது. அதை மாட்டினாலும் ஏசியையும் கெட்டிலையும் ஒன்றாகப் போடமுடியாது. கடைசியாக, அந்தக் கேசட் பொத்தான் சமாச்சாரம் ஞாபகம் இருக்கட்டும்: முதலில் சாய்ப்பது, அப்புறம்தான் அமுக்குவது.