சிறிய ஆஸ்பத்திரி லேபில் மருந்துக்கு அடங்காத கிருமிகளைக் கணக்கெடுப்பது எப்படி?

காட்பாடியிலோ குடியாத்தத்திலோ ஐம்பது படுக்கை ஆஸ்பத்திரி, கல்ச்சர் செய்ய, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்க, ஒரு லேப். மருந்துக்கு அடங்காத கிருமி வார்டுகளில் பரவுகிறதா என்று கண்டுபிடிக்க இவ்வளவு போதும். எடுத்ததுமே எல்லாக் கிருமிகளையும் துரத்த வேண்டாம். மெரோபெனெம் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிளெப்சியெல்லா, எம்.ஆர்.எஸ்.ஏ. என்கிற, மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், இந்த இரண்டோடு தொடங்குங்கள்.

படி 1: மாதிரி

முடிந்தவரை முதல் ஆன்டிபயாடிக் ஊசி போடுவதற்கு முன்பே எடுக்கவேண்டும். சிறுநீர் வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் இருந்தால், கலந்துவந்த கிருமியும் பெருகிவிடும். ஆற்காட்டிலிருந்து வேலூருக்கு அனுப்புகிறவர்கள் ஐஸ் பெட்டியில் வையுங்கள். ரத்த கல்ச்சர் பாட்டிலைக் குளிரவைக்கக் கூடாது.

படி 2: தட்டு

90 மி.மீ. தட்டில் சுமார் 25 மி.லி. மியூலர்-ஹின்டன் அகார் (கிருமி வளர்க்கும் ஜெல்லி) ஊற்றினால் 4 மி.மீ. கனம் வரும். கனம் கூடினால், மருந்து டிஸ்க்கை (மருந்து தோய்த்த சிறு காகித வட்டு) சுற்றிக் கிருமி வளராமல் விழும் வளையம் சுருங்கும். மருந்து கேட்கும் கிருமியும் கேட்காததுபோலத் தெரியும். கிருமிக் கரைசலின் கலங்கல், ஒப்பிட வைத்திருக்கும் மெக்ஃபார்லாந்து 0.5 திரவத்தின் அளவுக்குச் சரியாக இருக்கட்டும். கலக்கிய 15 நிமிடத்துக்குள் தட்டில் தடவிவிடுங்கள். ஒரு தட்டுக்கு 5 டிஸ்க்குக்கு மேல் வேண்டாம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த டிஸ்க் குப்பியை உடனே திறந்தால் உள்ளே ஈரம் கோத்து மருந்து வீரியம் இழக்கும். அறை வெப்பத்துக்கு வந்தபிறகே திறக்கவேண்டும்.

படி 3: இன்குபேட்டர்

நம் ஊரில் அதிகம் தவறு நடக்கும் இடம் இதுதான். கிருமி வளரத் தட்டை வைக்கும் சாதாரண இன்குபேட்டருக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. கத்திரி வெயிலில் அறையே 39 டிகிரி என்றால், 35 என்று திருகி வைத்தாலும் உள்ளே 39-க்குக் குறையாது. 35-ஐத் தாண்டினால் எம்.ஆர்.எஸ்.ஏ. கண்ணுக்குத் தப்பிவிடலாம். வெளித்திரையை நம்பாதீர்கள். உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வைத்து, காலை மாலை இரண்டு வேளையும் எழுதுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் அந்த அறைக்கு ஏ.சி. கட்டாயம்.

படி 4: அளவு

16 முதல் 18 மணி நேரம் கழித்து வளையத்தின் விட்டத்தை ஸ்கேலால் அளக்கவும். கிளெப்சியெல்லாவுக்கு 10 மைக்ரோகிராம் மெரோபெனெம் டிஸ்க்: 19 மி.மீ. அல்லது அதற்குக் கீழ் என்றால் மருந்து கேட்காது. 23 அல்லது அதற்கு மேல் என்றால் கேட்கும். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸுக்கு 30 மைக்ரோகிராம் செஃபாக்சிட்டின்: 21 அல்லது அதற்குக் கீழ் எம்.ஆர்.எஸ்.ஏ. வாரம் ஒருமுறை, வளைய அளவு முன்பே தெரிந்த சோதனைக் கிருமியான ஏடிசிசி 25922 ஈ.கோலையையும் வைத்துப் பாருங்கள். மெரோபெனெம் வளையம் 28 முதல் 35-க்குள் வராவிட்டால் அன்றைய ரிப்போர்ட் எதையும் வெளியே விடாதீர்கள்.

படி 5: ரெஜிஸ்டர்

நோயாளி எண், வார்டு, அட்மிஷன் தேதி, மாதிரி தேதி, கிருமி, வளைய அளவு. 'கேட்கும், கேட்காது' என்று மட்டும் எழுதாமல் மி.மீ. எண்ணையும் எழுதுங்கள். இப்படிப்பட்ட கணக்கைப் பதிய உதவும் வோநெட் (WHONET) மென்பொருள் இலவசம். இதே விவரங்களைத்தான் அதுவும் கேட்கும்.

ஒரு நோயாளியிடம் ஒரு கிருமி எத்தனை முறை வந்தாலும் முதல் முறை மட்டுமே கணக்கு. 40 கிளெப்சியெல்லாவில் 14 அடங்காதவை என்றால் 35 சதவீதம். அந்த 14-இல் 8 ஒரே ஐ.சி.யூ. நோயாளியுடையவை என்றால் 7-ஐ நீக்கவேண்டும். மிச்சம் 33-க்கு 7, அதாவது 21 சதவீதம். 30 நோயாளிகள் சேராமல் சதவீதம் போடாதீர்கள். எண்ணிக்கையை மட்டும் சொல்லுங்கள்.

படி 6: எச்சரிக்கை

மாதக் கடைசிவரை காத்திருக்க வேண்டாம். அட்மிஷனாகி 48 மணி நேரம் கடந்த இருவருக்கு, ஒரே வார்டில், ஒரே வாரத்தில், ஒரே மாதிரியான அடங்காத கிருமி வந்தால் அன்றைக்கே வார்டு சிஸ்டருக்குப் போன் போடுங்கள். அந்த இருவரையும் தனியாக ஒதுக்கி, பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்கு ஸ்வாப் (கிளெப்சியெல்லா என்றால் மலவாய், எம்.ஆர்.எஸ்.ஏ. என்றால் மூக்கு) எடுத்து, கைகழுவும் சிங்க், சக்‌ஷன் ஜாடி இரண்டையும் அன்றே பாருங்கள்.