புதிதாக ஓட வருகிறவர்கள் பாதியில் விட்டுவிடுவது ஏன்?

புதிதாக ஓட ஆரம்பிக்கிறவர்களோடு சேர்ந்து ஓடுவது என் வழக்கம். முகங்கள் மாறுகின்றன, தவறுகள் மாறுவதில்லை. பெரும்பாலும் ஒரு காலத்தில் நானே செய்தவைதான். ஷூ, தண்ணீர், வார்ம்-அப் பற்றியெல்லாம் நிறையப் பேர் சொல்லியாகிவிட்டது. ஆசையோடு வந்தவருக்கு ஒரே மாதத்தில் ஏன் ஆர்வம் வடிந்துவிடுகிறது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

தினமும் முழு வேகத்தில் ஓடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் நல்ல நல்ல ஆட்களை ஓட்டத்திலிருந்து விரட்டுவது இதுதான்.

ஒருவர் வந்தார். முதல் வாரம் முழுக்க எல்லோருக்கும் முன்னால் ஓடினார், கண் கைக்கடிகாரத்திலேயே இருந்தது. அடுத்த வாரம் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நின்றார். வாயைத் திறந்து மூச்சு வாங்கினார், ஒரு வார்த்தை பேச முடியவில்லை. கொஞ்சம் ஆறியதும், “எனக்கு மன உறுதி போதாதுங்க, இது சரிப்பட்டு வராது” என்றார்.

அவருடைய மன உறுதியில் ஒரு குறையும் இல்லை. வேகம்தான் தப்பு. மறுநாள் அவரோடு பேசிக்கொண்டே ஓடினேன். முழு வாக்கியமாகப் பேச முடியாவிட்டால் உடனே நடக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. தன் வேலையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தவர், அரை மணி நேரம் ஆகிவிட்டது என்றதும் நம்பவில்லை.

நேற்றைய ஓட்டம் எப்படி முடிந்தது என்பதை வைத்துத்தான் மனசு நாளைக்குக் கிளம்பலாமா என்று முடிவு செய்கிறது. தினமும் திணறலோடு முடிந்தால், காலையில் அலாரம் அடிக்கும்போது அந்தத் திணறல்தான் முதலில் ஞாபகம் வரும். அதைச் சோம்பல் என்று நினைத்து நம்மையே திட்டிக்கொள்கிறோம். உடம்பும் ஒரே சீராகத் தேறுவதில்லை: இதயமும் மூச்சும் சில வாரங்களில் பழகிவிடும், எலும்பும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களும் பலப்பட மாதக்கணக்கில் ஆகும்.

மெதுவாக ஓடுவது கத்துக்குட்டிகளின் வேலை என்று நினைக்க வேண்டாம். 2022-இல் பெர்லின் மாரத்தானை 2 மணி 1 நிமிடம் 9 விநாடியில் முடித்து உலக சாதனை படைத்த எலியுட் கிப்சோகே பயிற்சியில் ஓடும் தூரத்தில் பெரும்பகுதி, அவருக்கு எளிதான வேகத்தில்தான். முன்னணி நெடுந்தூர வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்த ஸ்டீஃபன் சைலரும், அவர்களுடைய பயிற்சியில் சுமார் 80 சதவீதம் எளிதான வேகத்தில்தான் என்று கண்டார். நேற்று வந்தவர்தான் தினமும் பந்தயம் ஓடுகிறார்!

நடப்பதற்கு வெட்கப்படுவது

ஜாஷ் கிளார்க் 1996-இல் புதியவர்களுக்காக வகுத்த ‘கவுச் டு 5கே’ (சோபாவிலிருந்து 5 கிலோமீட்டருக்கு) திட்டத்தின் முதல் வாரம் இப்படித்தான் இருக்கும்: 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை, திரும்பவும் ஓட்டம். ஒலிம்பிக்கில் ஓடிய ஜெஃப் காலவே மாரத்தானிலேயே இடையிடையே நடக்கச் சொன்னவர். களைத்த பிறகு நடந்தால் தோற்றுப்போன மாதிரி இருக்கும். களைப்பதற்கு முன்பே நடந்துவிடுங்கள்.

முதல் பத்து நிமிடத்தை வைத்து முடிவெடுப்பது

ஓடத் தொடங்கியதும் தசை கேட்கும் ஆக்சிஜன் உடனே வந்து சேராது, இதயமும் நுரையீரலும் சூடுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். அதனால் ஆரம்பம் எப்போதுமே கனமாகத்தான் இருக்கும், பல வருடம் ஓடியவருக்கும்கூட. ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று தோன்றினால், பத்து நிமிடம் மெதுவாக ஓடிவிட்டு அப்புறம் யோசியுங்கள்.

ஒரு நாள் தவறியதும் மொத்தமாக விடுவது

பழக்கம் எப்படி உருவாகிறது என்று லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் ஆராய்ந்தார்கள். சராசரியாக 66 நாள் ஆனது, ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. நடுவில் ஒரு நாள் விட்டது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை. விட்டதை ஈடுகட்ட மறுநாள் இரண்டு மடங்கு ஓடுவதுதான் ஆபத்து.

மொபைல் ஆப்பில் அடுத்தவர் வேகத்தைப் பார்ப்பது

பார்க்காதீர்கள்.

முதல் மாதமே மாரத்தானுக்குப் பெயர் கொடுப்பது

42.195 கிலோமீட்டர் எங்கும் ஓடிப்போகாது. முதலில் 5 கிலோமீட்டர்.

வலியையும் மன உறுதியால் வெல்லப் பார்ப்பது

தொடை கனப்பது, கெண்டைக்கால் இறுகுவது சகஜம், ஓரிரு நாளில் சரியாகும். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் ஒரே இடத்தைத் தொட்டால் சுரீர் என்று வலித்தாலோ, ஓட ஓட வலி கூடினாலோ ஓட்டத்தை அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.