இரண்டு மணி நேரத்தில் ஓர்வியேத்தோ: தனி கைடு வைத்து ஒரு மலையூரைப் பார்ப்பது எப்படி

ரோமுக்குப் போகிறேன் என்று யார் சொன்னாலும், அதில் ஒரு நாளை ஓர்வியேத்தோவுக்கு ஒதுக்குங்கள் என்றுதான் நான் சொல்வேன். இத்தாலியின் உம்பிரியா மாநிலத்தில், நாலாபக்கமும் செங்குத்தாக நிற்கும் ஒரு பாறையின் தலைமேல் உட்கார்ந்திருக்கிற ஊர் அது. எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான பாறை. அங்கே ‘தூஃபோ’ என்கிறார்கள். 2500 ஆண்டுகளுக்கு முன்பே, ரோமானியர்கள் தலையெடுப்பதற்கு முன் இத்தாலியில் வாழ்ந்த எத்ருஸ்கர்கள் என்ற மக்கள் அதன்மேல் நகரம் கட்டி வாழ்ந்தார்கள். கி.மு. 264இல் ரோமானியர்கள் நகரத்தை அழித்து, மக்களை போல்சேனா ஏரிக்கரைக்குக் குடிமாற்றினார்கள். பிறகு பாறைமேல் மறுபடி ஊர் முளைத்தபோது ‘உர்ப்ஸ் வேதுஸ்’, அதாவது ‘பழைய ஊர்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அதுவே மருவி ஓர்வியேத்தோ ஆயிற்று.

முதல் தடவை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனபோது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கைடு ஏற்பாடு செய்துவிட்டு, “எல்லாவற்றையும் காட்டிவிடுங்கள்” என்று கேட்டுக்கொண்டேன். அவரும் காட்டினார். ஆழ்கிணற்றில் இறங்கி ஏறினோம், கடைத்தெருவில் நடந்தோம், கோபுரம் பார்த்தோம். பேராலயத்தில் சான் பிரித்சியோ சிற்றாலயத்துக்குள் நுழைந்தபோது மிச்சம் இருந்தது பத்து நிமிடம். நான்கு சுவரிலும் ஆள் உயர ஓவியங்கள். அம்மா நிமிர்ந்து பார்த்து, “இது என்ன கதைடா?” என்று கேட்டார். கைடு சொல்லத் தொடங்கும்போதே நேரம் முடிந்துவிட்டது. அந்தக் கேள்விக்காகவே அடுத்த வருடம் மறுபடி போனோம். அந்த இரண்டாவது பயணத்தில் செய்தபடிதான் கீழே எழுதியிருக்கிறேன்.

1. எதை விடுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஊர் சின்னது, ஆனால் பார்க்க நிறைய இருக்கிறது. துவோமோ என்கிற பேராலயம், சான் பாத்ரித்சியோ கிணறு, பூமிக்கடியில் குகைகள், 47 மீட்டர் உயர மோரோ கோபுரம், பாறை விளிம்பில் பழைய தெருக்கள். இரண்டு மணி நேரத்தில் இவ்வளவும் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான். பார்த்தாலே புரிகிற இடத்துக்கு நாமே போய்க்கொள்ளலாம். ஒருவர் சொன்னால்தான் புரியும் என்கிற இடத்துக்கு மட்டும் கைடின் நேரத்தைச் செலவழிக்க வேண்டும். கிணறு முதல் வகை. கோபுரமும் அப்படித்தான், ஏறினால் ஊர் தெரியும். பேராலயத்தின் முகப்பும் சான் பிரித்சியோவும் இரண்டாம் வகை. குகைகளுக்கு அங்கே தனியாகக் குழுச் சுற்று இருக்கிறது, அவர்களுடைய கைடோடுதான் போக முடியும். அதைத் தனி கைடின் நேரத்தில் சேர்க்க வேண்டியதே இல்லை.

2. கைடுக்கு எழுதுங்கள்

இத்தாலியில் கைடு வேலைக்கு அரசு உரிமம் வேண்டும். உரிமம் உள்ளவரா என்று முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடலாம், அதில் தப்பாக நினைக்க ஒன்றுமில்லை. தனிச் சுற்றுக்கான கட்டணம் பெரும்பாலும் குழு முழுவதற்கும் சேர்த்துத்தான் சொல்வார்கள், தலைக்கு இவ்வளவு என்று அல்ல. அதனால் இரண்டு பேர் போனாலும் ஐந்து பேர் போனாலும் ஏறக்குறைய ஒரே தொகைதான். நுழைவு டிக்கெட்டுகள் அதில் சேர்ந்ததா, எங்கே தொடங்கி எங்கே முடியும் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் இரண்டாவது முறை அனுப்பியதன் சாரம் இது: “நாங்கள் மூன்று பேர். ஒருவருக்கு வயது 68, முழங்கால் வலி உண்டு. துவோமோவின் முகப்புக்கும் சான் பிரித்சியோவுக்கும் மட்டும் ஒன்றரை மணி நேரம் வேண்டும். மீதி அரை மணி உங்கள் விருப்பம், நீங்கள் நேசிக்கிற ஒரு தெருவைக் காட்டுங்கள். கிணற்றை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.” கடைசி வரிக்கு முந்தைய வரியை மறக்காமல் எழுதுங்கள். அதற்குக் கிடைத்த பதிலிலேயே அவருடைய உற்சாகம் தெரிந்தது.

நம் வீட்டுப் பெரியவர்களோடு போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கைடு ஆங்கிலத்தில் பேசுவார், நாம் தமிழில் சொல்லிக்கொண்டே வர வேண்டியிருக்கும். அப்போது இரண்டு மணி நேரம் உண்மையில் ஒரு மணி நேரம்தான். அதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால், இரண்டு மூன்று வாக்கியத்துக்கு ஒரு முறை நிறுத்திப் பேசுவார். இதைச் சொல்லாமல் போனால் அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டு போவார், பெரியவர்கள் பின்னால் சும்மா நடந்துகொண்டிருப்பார்கள். அது எனக்குப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

நேரம்: வெயில் காலமானால் பிற்பகல் மூன்று மணிவாக்கில் வையுங்கள். பேராலயத்தின் முகப்பு மேற்குப் பக்கம் பார்த்தது. சாயங்கால வெயில் விழும்போதுதான் அதன் பொன் மொசைக், அதாவது சிறு வண்ணத் துண்டுகளைப் பதித்துச் செய்த ஓவியம், தகதகக்கும். குளிர்காலத்தில் கதவைச் சீக்கிரம் அடைத்துவிடுவார்கள், ஞாயிறு காலையில் பூசை நடக்கும். அந்த நாட்களுக்கு நேரத்தைக் கேட்டுவிட்டே முடிவு செய்யுங்கள்.

3. மேலே ஏறுங்கள்

ரோமின் தெர்மினி நிலையத்திலிருந்து பிராந்திய ரயிலில் சுமார் ஒன்றேகால் மணி நேரம். காகித டிக்கெட் என்றால், ஏறுவதற்கு முன் நிலையத்தில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் செருகி முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அபராதம்.

ரயில் நிலையம் பாறையின் அடிவாரத்தில் இருக்கிறது. வாசலுக்கு எதிரேயே ஃபுனிகோலாரே. பழனியில் விஞ்ச் என்கிறோமே, அதே போலக் கம்பிவடத்தில் இழுபடும் வண்டி. 1888இல் தொடங்கியபோது இது தண்ணீரின் எடையால் ஓடியது. மேலே நிற்கும் வண்டியின் தொட்டியில் தண்ணீரை நிரப்புவார்கள், அது கனத்தால் இறங்கும்போது கீழே நிற்கும் வண்டி மேலே ஏறும். 1970இல் நின்றுபோய், 1990இல் மின்சாரத்தில் மறுபடி ஓடத் தொடங்கியது. சில நிமிடங்களில் காஹென் சதுக்கத்தில் இறக்கிவிடும். திரும்பி வருவதற்கான கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்ற பலகையை அப்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

4. கைடைச் சந்திக்கும் முன் கிணறு

சான் பாத்ரித்சியோ கிணறு அந்தச் சதுக்கத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. 1527இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படை ரோமைச் சூறையாடியபோது, போப் ஏழாம் கிளெமென்ட் தப்பி இந்தப் பாறைக்கு வந்தார். எதிரி ஏற முடியாத இடம். ஆனால் முற்றுகையிட்டால் குடிக்கத் தண்ணீர்? அந்தப் பயத்தில் தோண்டச் சொன்ன கிணறு இது. அந்தோனியோ தா சாங்கால்லோ என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து, 1537இல் வேலை முடிந்தது.

ஆழம் 50 மீட்டருக்கு மேல், அகலம் சுமார் 13 மீட்டர். சுவரைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சுழல் படிவழிகள், ஒவ்வொன்றிலும் 248 படிகள். ஒன்று இறங்க மட்டும், மற்றொன்று ஏற மட்டும். தண்ணீர் சுமக்கும் கோவேறு கழுதைகள் ஒன்றோடொன்று எதிர்ப்படாமல் போய்வர இந்த ஏற்பாடு. கழுதைக்காகக் கட்டியதால் படிகள் அகலமாக, உயரம் குறைவாக இருக்கும். 70 சன்னல்கள் வழியே வெளிச்சம் இறங்குகிறது. அடியில் நின்று மேலே பார்த்தால் வானம் ஒரு தட்டு அளவுக்குத் தெரியும்.

இதற்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை, பாருங்கள். உள்ளே குளிராகவும் ஈரமாகவும் இருக்கும், ஒரு மேல்சட்டை வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் இறங்க வேண்டாம். இந்த முறை அம்மா மேலே நிழலில் உட்கார்ந்துகொண்டார்.

அப்புறம் சதுக்கத்திலிருந்து துவோமோவுக்குப் போகும் சிறிய பேருந்தில் ஏறுங்கள். நடந்தும் போகலாம், ஆனால் மெல்ல ஏறிக்கொண்டே போகும் தெரு அது. நடையைத் திரும்பும்போது வைத்துக்கொண்டால் இறக்கம்.

5. முகப்பின் முன்னால் அரை மணி நேரம் நில்லுங்கள்

குறுகலான தெரு திடீரென்று திறந்துகொள்ள, எதிரே துவோமோ. 1290இல் அடிக்கல் நாட்டியது. பக்கச் சுவர்கள் கறுப்புக் கல்லும் வெள்ளைக் கல்லும் மாறி மாறி அடுக்கிய பட்டை பட்டையான சுவர்கள். முகப்போ வேறு உலகம். சியேனாவிலிருந்து வந்த லொரென்சோ மைத்தானி 1310 முதல் பொறுப்பேற்று அதன் உருவத்தை முடிவு செய்தார்.

எல்லோரும் மேலே மின்னும் மொசைக்கைப் படம் பிடித்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள். நீங்கள் கீழே பாருங்கள். கதவுகளின் இரு பக்கமும் கண் மட்டத்திலிருந்து தொடங்கும் நான்கு பெரிய தூண்கள், முழுக்கப் புடைப்புச் சிற்பம். இடமிருந்து வலமாக: உலகப் படைப்பு, பழைய ஏற்பாடு, இயேசுவின் வாழ்க்கை, பொதுத் தீர்வை (உலக முடிவில் கடவுள் எல்லோருக்கும் வழங்கும் தீர்ப்பு). எழுத்து தெரியாத விவசாயியும் தன் கையெட்டும் உயரத்தில் வாசித்துக்கொள்ளும்படி பளிங்கில் எழுதிய புத்தகம். முதல் தூணில் ஆதாம் தூங்குகிறான். கடவுள் குனிந்து, காயத்தைத் தொடும் வைத்தியர்போல அவன் விலாவில் கை வைக்கிறார். அடுத்த கட்டத்தில் ஏவாள். நான்காவது தூணின் அடியில் நரகம்.

இந்த இடத்தில் கைடிடம் கேட்க ஒரு நல்ல கேள்வி: “ஒரு காட்சியிலிருந்து அடுத்ததற்கு என் கண் எந்த வழியில் போக வேண்டும்?” அவர் விரலால் கொடியின் வழியைக் காட்டுவார். காட்சிகளைப் பிரிப்பது கோடு அல்ல, கீழிருந்து கிளைத்து ஏறும் ஒரு கொடி. அதைப் பார்த்த பிறகு அந்தச் சுவர் முன்போல இருக்காது.

6. உள்ளே: சான் பிரித்சியோ

தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சேலை, சுடிதாருக்குக் கவலையில்லை.

இடப்பக்கச் சிற்றாலயத்தில், 1263இல் போல்சேனாவில் பூசையின்போது நற்கருணை அப்பத்திலிருந்து ரத்தம் சிந்தியதாக நம்பப்படும் துணியைப் பாதுகாக்கிறார்கள். நம்மூர்க் கத்தோலிக்கத் தேவாலயங்களிலும் கொண்டாடும் நற்கருணைப் பெருவிழாவைத் திருச்சபை முழுவதற்குமாக அறிவித்த ஆணையை, போப் நான்காம் உர்பான் 1264இல் இந்த ஊரிலிருந்துதான் வெளியிட்டார். இங்கே ஐந்து நிமிடம் போதும்.

வலப்பக்கம் சான் பிரித்சியோ. 1447இல் ஃபிரா ஆஞ்செலிகோ என்ற ஓவியர் கூரையில் தீட்டத் தொடங்கி, பாதியில் விட்டுப் போனார். ஐம்பது வருடம் அப்படியே கிடந்தது. 1499இல் லூக்கா சிஞ்ஞொரெல்லி என்ற ஓவியர் வந்து 1504க்குள் முடித்தார். உலகத்தின் கடைசி நாட்கள்தான் கதை. வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் மைக்கேலாஞ்சலோ பொதுத் தீர்வையைத் தீட்டியது இதற்கு முப்பது வருடங்களுக்கும் பிறகு.

நுழைந்ததும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கண் அலையும். கைடிடம் இரண்டே சுவர்களைக் கேளுங்கள். ஒன்று, செத்தவர்கள் எழுவது: வெள்ளைத் தரையிலிருந்து எலும்புக்கூடுகள் கையை ஊன்றி மேலே வருகின்றன, சதை ஏறியவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொள்கிறார்கள். மற்றொன்று, நுழைந்ததும் இடப்பக்கத்தில் உள்ள அந்திக்கிறிஸ்துவின் போதனை. அந்திக்கிறிஸ்து என்பவன் உலக முடிவில் இயேசுவைப்போல வந்து மக்களை ஏமாற்றும் போலி. மேடையில் நின்று பேசுகிறவர் அசல் இயேசுவைப்போலவே இருக்கிறார். அதே தாடி, அதே உடை. தோளுக்குப் பின்னால் சாத்தான் காதில் ஓதிக்கொண்டிருக்கிறான். இடது மூலையில் கறுப்பு உடையில் இரண்டு பேர் நிற்பார்கள்: சிஞ்ஞொரெல்லி தன்னையும், தனக்கு முன் வந்த ஃபிரா ஆஞ்செலிகோவையும் வரைந்து வைத்திருக்கிறார்.

போன வருடத்துக் கேள்விக்கு அங்கேதான் பதில் கிடைத்தது. கைடு சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். அம்மா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அந்தக் கை அவனோடது இல்லை” என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். மேடையில் நிற்பவரின் அங்கிக்குள்ளிருந்து நீளும் ஒரு கை, பின்னால் நிற்கும் சாத்தானுடையது. அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் கைடு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்து அவர் சொல்ல வைத்திருந்தது அதைத்தானாம்.

அதனால்தான் கேட்கிறேன்: இங்கே குறைந்தது நாற்பது நிமிடம் கொடுங்கள்.

7. மீதி அரை மணி, கைடின் விருப்பம்

எங்களுக்குக் கிடைத்தது ஊரின் மேற்கு ஓரம். பத்துப் பன்னிரண்டு நிமிட நடையில் சான் ஜொவெனாலே என்ற சிறிய கோயில், 1004இல் எழுந்தது. பக்கத்திலேயே பாறை முடிகிறது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தால்தான் இது எப்படிப்பட்ட ஊர் என்று உடம்புக்குத் தெரியும். நேர் கீழே திராட்சைத் தோட்டங்கள். வெள்ளை ஒயினுக்குப் பேர் போன இடம் இது.

இங்கே பாடம் கேட்க வேண்டாம். மழைக்காலம் எப்படி இருக்கும், கடைக்கு எங்கே போவீர்கள், உங்கள் வீட்டுக்கடியிலும் குகை உண்டா என்று கேளுங்கள். பாறைக்குள் 1200 குகைகள் வரை இருக்கிறதென்பதால் கடைசிக் கேள்வி வீண்போகாது.

டிப்ஸ் கட்டாயமில்லை, மனதுக்குப் பிடித்திருந்தால் கொடுக்கலாம்.

8. கைடு போன பிறகு

தெம்பு இருந்தால் குகைச் சுற்றுக்கு டிக்கெட் வாங்குங்கள், அலுவலகம் துவோமோவுக்கு எதிரிலேயே. சுமார் ஒரு மணி நேரம். எத்ருஸ்கர்கள் தோண்டிய ஒடுக்கமான கிணறுகளைக் காட்டுவார்கள். இரு பக்கச் சுவரிலும் கால் வைக்கச் சிறு குழிகள், அதைப் பிடித்துத்தான் ஏறி இறங்கியிருக்கிறார்கள். சில அறைகளில் சுவர் முழுக்கப் புறா மாடங்கள். புறா தானே பறந்து போய் இரை தின்றுவிட்டுத் திரும்பிவிடும், தீனிச் செலவில்லாத கறி.

நாங்கள் குகைக்குப் போகவில்லை. அம்மா முகப்பை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றார். திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்து மொசைக் முழுக்கப் பொன்னாகியிருந்தது. அவர் அதைப் பார்க்காமல் நேராக முதல் தூணுக்குப் போய், கொடி தொடங்கும் இடத்தில் குனிந்து, விரலை வைக்காமல் காற்றிலேயே அதன் வழியைப் பிடித்துக்கொண்டு மேலே போனார். நான் மணி பார்த்தேன். கடைசி வண்டிக்கு நிறைய நேரம் இருந்தது.