இத்தாலிய ஸோம்பி படங்கள்: ரத்தத்தை மட்டும் தேடிப் போகாதீர்கள்

கொடூரக் காட்சிகளை மட்டும் வெட்டி ஒட்டிய வீடியோக்களைப் பார்த்துவிட்டு, ‘இத்தாலிய ஸோம்பி படம் என்றால் இவ்வளவுதான்’ என்று முடிவு கட்டுவதுதான் பெரிய தவறு. லூச்சோ ஃபுல்ச்சியின் ‘ஸோம்பி 2’ (1979) படத்தில் ஒரு பெண்ணின் கண்ணில் மரச்சிராய் இறங்கும் காட்சி பிரசித்தம். அதன் பயம் கண் குத்தப்படும் கணத்தில் இல்லை, அதற்கு முன்னால் இருக்கிறது. கதவைப் பிளந்து வந்த கை அவள் தலைமுடியைப் பற்றுகிறது. உடைந்த பலகையின் கூர்முனையை நோக்கி முகம் அங்குலம் அங்குலமாக இழுபடுகிறது. சிராய் அவள் பார்வையிலேயே நம்மை நெருங்கி வருகிறது. வேறு இயக்குநர்கள் இங்கே கேமராவைத் திருப்பிவிடுவார்கள். ஃபுல்ச்சி திருப்புவதில்லை. மெதுவான பகுதிகளை ஓட்டிவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது ரப்பரும் சாயமும்தான்.

பெயரில் இருக்கும் 2ஐ நம்பி முதல் பாகத்தைத் தேடவும் வேண்டாம். அமெரிக்க இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோவின் ‘டான் ஆஃப் த டெட்’ இத்தாலியில் ‘ஸோம்பி’ என்ற பெயரில் வெளியாகி நன்றாக ஓடியது. அந்தப் பெயரைப் பயன்படுத்திக்கொள்ள வைத்த எண் இது. ரொமேரோவின் சமூக விமர்சனத்தையும் இங்கே எதிர்பார்க்கக் கூடாது. இங்கே கரீபியத் தீவொன்றில், பழைய ஸ்பானிய வீரர்களின் புதைகுழிகளிலிருந்து, மண்ணும் புழுவும் அப்பிய முகங்கள் எழுகின்றன. ஜானெட்டோ டி ரோஸ்ஸியின் ஒப்பனை அது. செத்த உடல் எப்படி அழுகும் என்பதைக் கூசாமல் காட்டுவதே இந்தப் படங்களின் ஈர்ப்பு என்பது என் எண்ணம்.

‘லாஜிக் இல்லை’ என்று ‘தி பியாண்ட்’ (1981) படத்தைப் பாதியில் நிறுத்துபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். லூசியானாவில் ஒரு பழைய ஹோட்டல், அதன் அடியில் நரகத்தின் வாசல். நூலகத்தில் ஏணியிலிருந்து விழுந்தவனின் முகத்தைச் சிலந்திகள் தின்கின்றன. எதற்காக? காரணம் சொல்லப்படுவதே இல்லை. மருத்துவமனைப் படிக்கட்டில் இறங்கி ஓடுபவர்கள் ஹோட்டலின் நிலவறையில் போய் நிற்கிறார்கள். கெட்ட கனவில் இடங்கள் இப்படித்தான் மாறும். கதையைத் துரத்தாமல் ஃபேபியோ ஃப்ரிஸ்ஸியின் இசையோடு போனால் படம் உங்களை இழுத்துக்கொள்ளும்.

அதனால்தான் எந்தப் பதிப்பு என்று பார்ப்பதும் முக்கியம். இந்தப் படம் அமெரிக்காவில் 1983இல் ‘செவன் டோர்ஸ் ஆஃப் டெத்’ என்ற பெயரில், காட்சிகள் வெட்டப்பட்டு, இசையும் மாற்றப்பட்டு வெளியானது. அதைப் பார்த்துவிட்டு ஃபுல்ச்சியை எடைபோடுவது அநியாயம். உதட்டசைவு ஒட்டாததற்காக நடிகர்களைத் திட்டுவதும் அப்படியே. அன்றைய இத்தாலியப் படங்களில் வசனத்தைப் பிறகு டப்பிங்கில் சேர்ப்பதுதான் வழக்கம்.

எல்லாமே ஒரே தரம் என்று கையில் கிடைத்ததில் தொடங்காதீர்கள். புரூனோ மட்டேயின் ‘ஹெல் ஆஃப் த லிவிங் டெட்’ (1980) வேறு படங்களின் காட்சிகளை இடையிடையே செருகி ஒப்பேற்றியது. முதலில் ‘ஸோம்பி 2’, பிறகு ‘தி பியாண்ட்’. இரண்டும் பிடித்தால் மிக்கேலே சொவாவியின் ‘டெல்லமோர்த்தே டெல்லமோரே’ (1994). கல்லறைக் காவலாளி ஒருவனின் காதலையும் தனிமையையும் சொல்லும் படம் அது.