டிஸ்லெக்சியா உள்ள குழந்தைக்கு வீட்டிலும் பள்ளியிலும் துணை நிற்பது எப்படி?

1896-இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், 14 வயதாகியும் வாசிக்க வராத ஒரு மாணவனைப் பற்றி மருத்துவ இதழொன்றில் எழுதினார். அந்த வாசிப்புச் சிரமத்தைத்தான் இன்று டிஸ்லெக்சியா என்கிறோம். பாடம் முழுவதும் வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் கருதியதாக அக்குறிப்பில் வருகிறது. வாசிக்கக் கற்பிப்பது ஒரு வேலை, பாடத்தை அறியச் செய்வது இன்னொரு வேலை. முதலாவது தாமதமாகிறது என்பதற்காக இரண்டாவது நின்றுவிடக் கூடாது.

டிஸ்லெக்சியா பெரும்பாலும் பேச்சொலிகளைப் பிரித்தறிந்து எழுத்தோடு பொருத்துவதில் ஏற்படும் சிரமம். குடும்ப வழியாகவும் வரக்கூடியது. ஒரு வரியில் 'மரம்' என்று சரியாக வாசித்த குழந்தை அடுத்த வரியில் அதே சொல்லில் தடுமாறலாம், அல்லது முதல் எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு 'பட்டம்' என்பதைப் 'பட்டு' என்று ஊகிக்கலாம். இதைக் கவனக்குறைவு என்று கண்டிப்பதில் பயனில்லை. கண்ணையும் காதையும் முதலில் பரிசோதித்துவிட்டு, உளவியலாளரிடமோ சிறப்புக் கல்வியாளரிடமோ மதிப்பீடு செய்துகொள்ளுங்கள். அறிக்கை வரும்வரை பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

வீட்டில் நாள்தோறும் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். விடுமுறை நாளில் இரண்டு மணி நேரம் உட்காரவைப்பதைவிட அதுவே பலன் தரும். எழுத்தில்லாமல் ஒலியிலிருந்து தொடங்குங்கள்: 'மரம்' என்பதில் முதல் எழுத்தை எடுத்துவிட்டுத் 'த' போட்டால் என்ன, 'வ' போட்டால் என்ன என்று கேளுங்கள். பிறகு எழுத்தை மணலிலோ சொரசொரப்பான தாளிலோ விரலால் எழுதியபடியே அதன் ஒலியை உரக்கச் சொல்ல வையுங்கள். தமிழில் கொம்பு வரும் எழுத்துகளுக்குக் கூடுதல் நேரம் தேவை. 'கெ' என்பதில் பின்னால் ஒலிக்கும் உயிரின் குறி மெய்க்கு முன்னால் நிற்பதால், இடமிருந்து வலமாக ஒலிகளைக் கூட்டிப் படிக்க முயலும் குழந்தை அங்கே குழம்புவது இயல்பே. ல, ள, ழ போன்றவற்றை ஒரே நாளில் சேர்த்துக் கற்பிக்காமல், ஒன்று நன்றாகப் பதிந்தபின் அடுத்ததற்குப் போகலாம்.

புத்தகத்தைச் சேர்ந்து வாசிக்கும்போது இருவரும் ஒரே வேகத்தில் உரக்கப் படியுங்கள். குழந்தை ஒரு சொல்லில் நின்றால் சில நொடிகள் பொறுத்திருந்து, வராவிட்டால் சொல்லிக்கொடுத்துவிட்டு மேலே செல்லுங்கள். தடுக்கிய சொற்களை வாசிப்பு முடிந்தபின் தனியே பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தித் திருத்தினால் கதை கைவிட்டுப் போய்விடும். வரலாறு, அறிவியல் பாடங்களை நீங்களே வாசித்துக் காட்டுங்கள், அல்லது ஒலிநூலாகக் கேட்கவிடுங்கள். இதனால் குழந்தை சோம்பேறியாகிவிடும் என்பது வீண் அச்சம். வயதுக்கேற்ற சொல்வளம் காது வழியாகவேனும் வந்து சேர வேண்டும்.

பள்ளியில் வகுப்பாசிரியரிடம் பொதுவாக 'கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்வதைவிட, மூன்று நான்கு கோரிக்கைகளை எழுதிக்கொடுப்பது நல்லது. முன்னறிவிப்பின்றி வகுப்பின் முன் வாசிக்கச் சொல்ல வேண்டாம் என்பது முதற்கோரிக்கையாக இருக்கட்டும். வாசிக்கத்தான் வேண்டுமென்றால் அந்தப் பத்தியை முந்தைய நாளே தந்துவிடலாம். கரும்பலகையில் பார்த்து எழுதும் குழந்தை, தலையைக் குனிந்து நிமிர்வதற்குள் விட்ட இடத்தைத் தொலைத்துவிடுவதால், அச்சிட்ட குறிப்பைக் கேளுங்கள். தேர்வில் கூடுதல் நேரம், வினாவை வாசித்துக் காட்ட ஒருவர், அறிவியல் விடையில் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்காமை ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வண்ணக் கண்ணாடியும் கண் பயிற்சியும் டிஸ்லெக்சியாவைக் குணப்படுத்தும் என்பதற்குத் தக்க சான்று இல்லை. அந்தப் பணத்தை ஒலி–எழுத்துப் பயிற்சியை முறையாகப் படிப்படியாகக் கற்பிக்கும் ஆசிரியருக்குச் செலவிடலாம். தேர்வில் கிடைக்கவிருக்கும் சலுகைகளை மாதத் தேர்வுகளிலேயே பழக்கிவிட வேண்டும். ஒருவர் வினாவை வாசிக்கக் கேட்டு விடை எழுதுவதற்கும், கூடுதல் நேரத்தை வினாக்களுக்குப் பிரித்துச் செலவிடுவதற்கும் முன்பயிற்சி தேவை.