பழைய பியூஸ் போர்டை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பலகையில் வரிசையாக நிற்கும் பீங்கான் பியூஸ் கட்டைகளைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் எம்.சி.பி. (மின்னோட்டம் மிகுந்தால் தானாகத் துண்டிக்கும் ஸ்விட்ச்) பெட்டி ஒன்றைப் பொருத்துவது பார்வைக்கு எளிய வேலை. பழைய கட்டைகளை எண்ணி, அத்தனை எம்.சி.பி.களை வாங்கி, வயர்களை ஒவ்வொன்றாக முறுக்கிவிட்டால் வீடு பாதுகாப்பாகிவிடும் என்றே பலரும் நினைக்கின்றனர். அந்தப் பெட்டி காக்க வேண்டியது சுவருக்குள் ஓடும் வயர்களை. அவற்றின் தடிமனும் நிலையும் தெரியாமல் செய்யப்படும் மாற்றம், பழைய பழுதுகளைப் புதிய மூடிக்குள் மறைத்து வைக்கும். கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கவனக்குறைவிலிருந்து கிளைப்பவை.

முதலாவது, எம்.சி.பி.யின் ஆம்பியர் அளவைப் பழைய கட்டையில் பொறித்த எண்ணைப் பார்த்தோ, வீட்டில் ஓடும் சாதனத்தைப் பார்த்தோ தீர்மானிப்பது. அளவைத் தீர்மானிக்க வேண்டியது அந்தச் சர்க்யூட்டிலேயே மிக மெல்லிய வயர். சுவரோரக் குழாயில் தனியாகச் செல்லும் பி.வி.சி. உறையிட்ட தாமிர வயர், சுற்றுப்புறம் 30 டிகிரி செல்சியஸாக இருக்கும்போது, 1.5 சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 17 ஆம்பியரும், 2.5க்கு 24 ஆம்பியரும், 4க்கு 32 ஆம்பியரும் தாங்கும். சுற்றுப்புறம் 40 டிகிரியானால் இதில் எட்டில் ஒரு பங்கு குறையும். ஒரே குழாயில் பல சர்க்யூட்டுகளின் வயர்கள் நெருக்கியடித்துச் சென்றால் மேலும் குறையும். ஆகவே 1.5க்கு 10, 2.5க்கு 16, 4க்கு 25 ஆம்பியர் என்று வைப்பது நிதானமான வழக்கம். பழைய வயரிங்கில் 3/22 (22 கேஜ் கம்பி மூன்று) என்று சொல்லப்படும் வயரின் மொத்தத் தாமிரம் 1.2 சதுர மில்லிமீட்டர்தான்; அதிலிருந்தே பின்னாளில் யாரோ ஒரு பவர் பிளக்குக்குக் கிளை எடுத்திருப்பதும், பியூஸ் அடிக்கடி போகிறதே என்று கட்டையில் தடித்த கம்பியைச் சுற்றியிருப்பதும் அரிதல்ல.

இங்கேயே இன்னொரு சிக்கலும் உண்டு. பியூஸ் கம்பி உருக, அதன் அளவைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு மின்னோட்டம் தேவை. எம்.சி.பி.யோ 1.45 மடங்கிலேயே ஒரு மணி நேரத்திற்குள் விழுந்தாக, அதாவது தானே துண்டித்தாக வேண்டும் என்பது அதன் தரநிலை. அதனால் பல ஆண்டுகள் சத்தமில்லாமல் மிகைச் சுமையில் ஓடிய சர்க்யூட், புதிய பெட்டி வந்த வாரமே டிரிப் ஆகத் தொடங்கும். அப்போது எம்.சி.பி. மட்டமானது என்று முடிவுகட்டி, 16ஐக் கழற்றி 32ஐப் போடுவதைவிட ஆபத்தான செயல் இந்த வேலையில் வேறில்லை என்பேன். அந்தச் சுமையை இரண்டு சர்க்யூட்டுகளாகப் பிரிப்பதோ, தடிமனான வயரைப் புதிதாக இழுப்பதோதான் முறை.

எம்.சி.பி.யின் வகை எழுத்தைக் கவனியாமல் வாங்குவதும் உண்டு. பி வகை, தன் அளவைப்போல் 3 முதல் 5 மடங்கிலும், சி வகை 5 முதல் 10 மடங்கிலும் உடனடியாகத் துண்டிக்கும். விளக்குகளுக்கும் பொதுவான பிளக்குகளுக்கும் பி போதும். மோட்டார் உள்ள, கிளம்பும்போது மின்னோட்டத்தை அதிகம் இழுக்கும் சாதனங்களுக்கு சி பொருந்தும். கடையில் கிடைப்பது சி என்பதற்காக எல்லா இடத்திலும் அதையே மாட்டினால், 16 ஆம்பியர் எம்.சி.பி. உடனே விழுவதற்கு 160 ஆம்பியர் வரைகூடத் தேவைப்படலாம். நீண்ட, மெல்லிய பழைய வயரின் தடை அவ்வளவு மின்னோட்டத்தை அனுமதிக்காமலும் போகலாம்.

எர்த் பற்றிய தவறான நம்பிக்கை இதைவிடக் கடுமையானது. தரையில் புதைத்த எர்த் கம்பியையே நம்பியிருக்கும் வீட்டில் அதன் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஓர் இஸ்திரிப் பெட்டியின் உடலில் பேஸ் பட்டுவிட்டால், 230 வோல்ட்டில் அந்த வழியே பாயக்கூடியது 11.5 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்.சி.பி. அசையவே அசையாது, சாதனத்தின் உடல் மின்சாரத்தோடே நிற்கும். இந்த இடைவெளியை நிரப்புவதற்குத்தான் ஆர்.சி.சி.பி. தேவைப்படுகிறது. பேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்புவதும் 30 மில்லி ஆம்பியர் வேறுபட்டால், 0.3 நொடிக்குள் அது துண்டித்துவிடும். அதற்காக எர்த்தைக் கைவிட்டுவிடலாகாது. எர்த் இல்லாத வீட்டில், யாரேனும் அந்தச் சாதனத்தைத் தொட்டு, மின்னோட்டம் அவர் உடல் வழியே இறங்கிய பிறகே ஆர்.சி.சி.பி. விழும்.

ஆர்.சி.சி.பி. மாட்டிய மறுகணமே விழுகிறது, நிற்க மறுக்கிறது என்ற புகார் பழைய வீடுகளில் மிகச் சாதாரணம். காரணம் பெரும்பாலும் நியூட்ரல் கலப்பு. மாடிப்படி விளக்குக்குப் பேஸைக் கீழ்த்தளச் சர்க்யூட்டிலிருந்தும் நியூட்ரலை மேல்தளத்திலிருந்தும் எடுத்திருப்பார்கள். பியூஸ் போர்டில் எல்லா நியூட்ரலும் ஒரே கட்டையில் சேர்ந்துவிடுவதால் அது வெளியே தெரியாது. இரண்டு தளங்களுக்கும் தனித்தனி ஆர்.சி.சி.பி. வந்தவுடன் போனது ஒன்றிலும் திரும்பியது மற்றொன்றிலுமாகி, இரண்டும் விழும். எங்கோ ஒரு பிளக்குக்குள் நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொண்டிருந்தாலும், இன்வெர்ட்டர் வழியே செல்லும் சர்க்யூட்டின் நியூட்ரல் பொதுக் கட்டையில் இணைந்திருந்தாலும் இதே விளைவுதான். பொறுமையாக ஒவ்வொரு சர்க்யூட்டின் நியூட்ரலையும் பிரித்து, அதன் பேஸோடு இணைகட்டி, அடையாளமிட வேண்டிய வேலை இது. இதற்கு அஞ்சி ஆர்.சி.சி.பி.யைக் குறுக்கே இணைத்து முடக்கிவிட்டுப் போகும் எலக்ட்ரீஷியன்களும் இருக்கிறார்கள்.

வீடு முழுவதையும் ஒரே ஆர்.சி.சி.பி.க்குப் பின்னால் வைப்பதும் நல்லதல்ல. கணினி, வாஷிங் மெஷின் போன்றவற்றில் இயல்பாகவே சிறிதளவு கசிவு உண்டு. எல்லாம் சேர்ந்து வரம்பை நெருங்கினால் காரணமின்றி வீடு இருளும். இரண்டு மூன்றாகப் பிரிப்பது அல்லது சர்க்யூட்டுக்கு ஓர் ஆர்.சி.பி.ஓ. வைப்பது மேல். ஆர்.சி.சி.பி. மிகைச் சுமையைக் கண்டுகொள்ளாது என்பதையும், ஆர்.சி.பி.ஓ. அந்த வேலையையும் சேர்த்துச் செய்யும் என்பதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மின்னணுச் சாதனங்கள் நிறைந்த வீட்டுக்கு, மாறுமின்னோட்டக் கசிவை மட்டும் உணரும் ஏசி வகை ஆர்.சி.சி.பி.யைவிட, துடிக்கும் நேர்மின்னோட்டக் கசிவையும் உணரும் ஏ வகையே ஏற்றது.

பழைய பலகைகளில் நியூட்ரலுக்கும் ஒரு பியூஸ் இருப்பதைக் காணலாம். அது மட்டும் உருகினால் விளக்கு அணையும், ஆனால் ஹோல்டரில் பேஸ் அப்படியே இருக்கும். அணைந்துவிட்டதே என்று கைவைப்பவர் அடிபடுவார். புதிய பெட்டியில் அந்தப் பியூஸைத் தொடரவே கூடாது. நியூட்ரல் கட்டை அல்லது பேஸோடு சேர்ந்தே துண்டிக்கும் இருமுனை எம்.சி.பி. அதற்கு மாற்று.

ரப்பர் உறையும் பருத்தி நூல் சுற்றும் கொண்ட வயர்கள் அசைக்காதவரை நன்றாக இருப்பதுபோல் தெரியும். புதிய பெட்டிக்குள் வளைத்ததும் உறை பொடியாக உதிரும். அதனால் மெகர் எனும் காப்புச் சோதனைக் கருவி கொண்டு 500 வோல்ட் நேர்மின்னழுத்தத்தில் காப்புத் தடையை முன்கூட்டியே அளந்துவிட வேண்டும். அது 1 மெகாஓமுக்குக் கீழே இருந்தால் பெட்டியை வாங்கும் முன் வயரிங்கைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். அளக்கும்போது மின்னணுச் சாதனங்களைக் கழற்றி வைப்பது அவசியம். மிகப் பழைய பலகைகளின் பின்தகட்டிலும் பியூஸ் கட்டைக்குள்ளும் கல்நார் இருக்கக்கூடும் என்பதால் அவற்றைத் துளையிடுவதோ உடைப்பதோ கூடாது.

இணைப்புகளில் நேரும் தவறுகள் சிறியவை, ஆனால் பெட்டி கருகுவது பெரும்பாலும் அவற்றால்தான். ஒரே டெர்மினலில் தடித்த வயரையும் மெல்லியதையும் சேர்த்துச் செருகினால் மெல்லியது தளர்ந்தே இருக்கும். இழை வயரின் முனையில் ஈயப்பற்று வைத்தால் திருகின் அழுத்தத்தில் அது நாளடைவில் நசுங்கி இணைப்பு சூடாகும். பற்றுக்குப் பதில் பெருல் எனும் சிறு உலோகக் குழாயை அழுத்திப் பொருத்த வேண்டும். அலுமினிய வயரைத் தாமிரத்தோடு நேரடியாக முறுக்குவது அறவே கூடாது.

மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டால் எல்லாமே செத்துவிட்டது என்று கருதுவது உயிரைப் பறிக்கும் தவறு. மீட்டரிலிருந்து ஸ்விட்ச் வரையிலான வயர் அப்போதும் உயிரோடுதான் இருக்கும். இன்வெர்ட்டரும் சூரிய மின்கலனும் பின்புறமாக மின்சாரத்தைத் தரக்கூடும். மீட்டர் முத்திரையைத் தானாக உடைக்காமல், மின் வழங்கும் நிறுவனத்தைக் கொண்டே இணைப்பைத் துண்டிக்கச் செய்து, உரிமம் பெற்றவரிடம் வேலையை ஒப்படைக்க வேண்டும். நியான் டெஸ்டர் எரியவில்லை என்பது சான்றாகாது. இருமுனைச் சோதனைக் கருவியை மின்சாரம் உள்ள ஓரிடத்தில் முதலில் சரிபார்த்து, பின் சோதித்து, மீண்டும் அதே இடத்தில் சரிபார்ப்பதே முறை.

வேலை முடிந்ததும் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்தனுப்புவது வழக்கமாகிவிட்டது. அந்தப் பொத்தான் ஆர்.சி.சி.பி.யின் உள் இயக்கத்தை மட்டுமே சோதிக்கும். எர்த் இருக்கிறதா, பிளக்குவரை போய்ச் சேர்கிறதா என்பதை அது சொல்லாது. எர்த் தடை, ஒவ்வொரு பிளக்கிலும் எர்த்தின் தொடர்ச்சி, ஆர்.சி.சி.பி. விழும் நேரம், காப்புத் தடை ஆகிய நான்கையும் கருவியால் அளந்து தாளில் எழுதி, எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு என்ற குறிப்போடு பெட்டியின் கதவுக்குள் ஒட்டச் சொல்ல வேண்டும்.