ஹார்வி மில்க் பிளாசா பற்றி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

பெருமித மாதமான ஜூன் வந்தால் மண்டபம், தங்கச்சிமடம் பக்கத்து நண்பர்கள் சிலர் பால்புதுமையர் (LGBTQ+) வரலாற்றைத் தமிழில் சின்னக் குறிப்புகளாக எழுதுகிறார்கள். தன்பாலீர்ப்பை வெளிப்படையாகச் சொல்லித் தேர்தலில் வென்ற அமெரிக்க அரசியல்வாதி ஹார்வி மில்க். சான் பிரான்சிஸ்கோவில் அவர் பெயர் தாங்கிய ஹார்வி மில்க் பிளாசா அதில் கட்டாயம் இருக்கும். தப்பும் அங்கேதான் அதிகம்.

"மில்க் அந்தப் பிளாசாவில் நின்று முழங்கினார்" என்று எழுதிவிடாதீர்கள். அவரும் மேயர் ஜார்ஜ் மாஸ்கோனியும் சுட்டுக் கொல்லப்பட்டது 1978 நவம்பர் 27. காஸ்ட்ரோ சுரங்க ரயில் நிலையம் திறந்தது 1980. அதன் படிக்கட்டை ஒட்டிய முற்றத்துக்கு மில்க் பெயர் வைத்தது 1985. 1964 புயலில் போன ரயில் புதுப் பாம்பன் பாலம் வழியாகத்தான் தனுஷ்கோடிக்குப் போனது என்று ஒருவர் எழுதினால் நம்மூர்க்காரர்கள் சும்மா விடுவார்களா? அந்தப் பாலம் திறந்ததே 2025-இல். இதுவும் அதே கதைதான். பிளாசாவுக்கு முன்பே அந்தத் தெருமுனைக்கு ஒரு வரலாறு உண்டு. கொலை நடந்த இரவு ஆயிரக்கணக்கானோர் காஸ்ட்ரோவிலிருந்து நகர மன்றக் கட்டடம் வரை மெழுகுவர்த்தி ஏந்தி நடந்தார்கள். எழுத வேண்டியது அதை. (காஸ்ட்ரோ என்பது பேட்டையின் பெயர். ஃபிடலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

பால்புதுமையரின் அடையாளமான வானவில் கொடி முதலில் பறந்ததும் இங்கே அல்ல. கலைஞர் கில்பர்ட் பேக்கரும் நண்பர்களும் சாயமேற்றித் தைத்த கொடி 1978 ஜூன் 25 அன்று ஏறியது ஐக்கிய நாடுகள் பிளாசாவில். ஊர் ஒன்று, பிளாசா வேறு. அதில் எட்டு நிறம். ஆறு நிறப் படத்தைப் போட்டு 'முதல் கொடி' என்பார்கள். ஹார்வி மில்க் பிளாசாவில் இன்று பார்க்கும் பெரிய கொடிக்கம்பம் 1990-களில் வந்தது. எய்ட்ஸ் நோயாளிகளுக்காக 1985-இல் தொடங்கிப் பத்தாண்டு நீடித்த காத்திருப்புப் போராட்டமும் ஐக்கிய நாடுகள் பிளாசாவில்தான் நடந்தது. நம் குறிப்புகளில் அந்த இடத்துக்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை என்பது என் வருத்தம்.

அப்புறம் மொழி. 1977-இல் மில்க் வென்ற பதவியை 'மேற்பார்வையாளர்' என்று சொல்லுக்குச் சொல் மாற்றினால் கட்டட வேலைக்கு ஆள் பார்க்கிறவர் மாதிரி ஆகிவிடும். நம் கவுன்சிலர் போன்ற பதவி அது, நகர மன்ற உறுப்பினர் என்றால் போதும். தன்பாலீர்ப்பை வெளிப்படையாகச் சொல்லித் தேர்தலில் வென்றவர்களில் 'அமெரிக்காவின் முதல்' ஆள் என்றும் வேண்டாம். ஆன் ஆர்பர் நகரில் கேத்தி கோசாசென்கோ என்ற பெண் அப்படி 1974-லேயே ஜெயித்துவிட்டார். மில்க்கைத் திருநங்கை என்று எழுதுவது எல்லாவற்றையும் விட மோசம். அவர் தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்.

எந்திர மொழிபெயர்ப்பை நம்பினால் ஒரு கட்டத்தில் அவர் 'ஹார்வி பால்' ஆகிவிடவும் கூடும். பாலினம் பற்றிய குறிப்பில் அது சிலேடை என்றே வாசகர் நினைத்துக்கொள்வார்.